முதலில் அனுப்பியது யார்

ஜூன் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்குக் கட்டு மாற்றினார்கள். வலது கை எலும்பு சேர ஆறு வாரமாம். பிளாஸ்டிக் குடம் விற்கப் போன மனுஷன், வாலாஜாபாத் பக்கம் ஒரு குழந்தையிடம் வழி கேட்டிருக்கிறார். பிள்ளை பிடிக்கிறவன் சுற்றுகிறான் என்று அன்று காலைதான் எல்லார் போனுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போயிருக்கிறது. இவர்தான் அவன் என்று ஊர்க்காரர்கள் அடித்துவிட்டார்கள். புரளியைக் கிளப்பினவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

"மொதல்ல அனுப்சது யாருன்னு மெசேஜ் கம்பெனிக்கே தெரியாதாம்மா" என்கிறார்கள் போலீஸ் ஸ்டேஷனில். அனுப்பியவரும் வாங்கியவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறதாம். பூட்டுப் போட்டவனிடமே சாவி இல்லையாம்! காதில் பூ சுற்றுகிறார்களா?

வக்கீல் தேவகி மேடம் மனு எழுதியிருக்கிறார். கம்பெனி மறுத்தாலும், முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வழி வைக்கச் சொல்லி அரசாங்கம் கட்டாயப்படுத்த வேண்டும். ஆல்பர்ட் இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார். நான் ஆதார் கார்டு எடுத்துப் போகவில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

களையெடுக்கப் போன இடத்தில் நிலத்துக்காரர் சடையப்பன் பேசினார். அடிபட்ட அன்று கார் எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர். "மொதல்ல அனுப்சவன் யாருன்னு தெரிஞ்சே ஆவணும் ஜெனிஃபரு. நானும் வக்கீலம்மாகிட்ட வேற தாள்ல கையெழுத்து போட்டுக்கீறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே மூச்சில், "உங்க பொம்பளைங்க குரூப்புல, ஒரு மணிக்கு மேல வெயில்ல நிக்க மாட்டோம்னு மொதல்ல போட்டது யாரு? அதுவும் தெரியணும்."

நான்தான் போட்டேன். "தெரியாதுங்க" என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. மனுவில் கேட்கிற வழி வந்தால், குரூப்பில் முதலில் போட்டது நான் என்பதும் தெரிந்துவிடும்; தெரிந்தால் என் வேலை போகும். சேர்ந்து நின்ற பதினெட்டுப் பேர் வேலையும் போகும். இப்போது வீட்டில் அடுப்பு எரிவதே என் கூலியில்தான்.

தேவகி மேடத்துக்குப் போன் செய்தேன். "கோர்ட் ஆர்டர் இல்லாம யாரும் பார்க்க முடியாதும்மா. நாம ஓட்டுப் போட்ட அரசாங்கம்தானே?" சரிதான். ஆனால் ஸ்டேஷனில் யாருக்கு நாற்காலி போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? புரளிக்காரன் பூட்டை மட்டும் உடைக்க முடியாதா என்றேன். எல்லாருக்கும் ஒரே பூட்டாம். ச்சே, இன்னாதான் பண்றது நானு?

ஜூன் 9, திங்கள்

பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மேடம் வந்து தாளை வாங்கிப் போனார். அதில் ஆல்பர்ட் கையெழுத்து மட்டும்தான். அவர் போனதும் ஆல்பர்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன் — குரூப், நான் போட்ட மெசேஜ், சடையப்பன் கேட்டது.

"அப்ப அந்தப் பொரளி கெளப்னவனையும் சேத்துதான் நீ காப்பாத்திக்கினு கீற. அதானேமே?"

சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனேன். இத்தனை நாளும் நான்தான் ஊட்டுகிறேன். இன்று தட்டைத் தன் பக்கம் இழுத்து, இடது கையாலேயே சாப்பிட்டார்.