மூடியைக் கடைசியாகத் தொட்டவர்

ஏப்ரல் 4, சனி

ஸ்ட்ரோப் செத்து இன்றோடு இருபது நாள். இன்னும் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். என் ஆத்துக்காரர் வரது பார்த்துவிட்டு, "காரியம் பண்ணிடலாமா?" என்றார். கேலியாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் சிவப்பு நிறம் காணாமல் போய்விடும். செக்கச்செவேலென்று இருக்கிற மீன் படத்தில் பழைய கரித்துணி மாதிரி விழும். ஸ்ட்ரோப் வெளிச்சம் அடித்தால்தான் நிறம் திரும்பி வரும். கேமராவுக்குப் பக்கத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஃப்ளாஷ், அவ்வளவுதான். அது இல்லாமல் நான் எடுப்பதெல்லாம் ஒரே நீலம்.

புதிது வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பழையது எப்படிச் செத்தது என்று தெரிய வேண்டும். பதினேழு வருஷமாக இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பார்க்கிறவள் நான். ஒரு பொருள் தானாகக் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் என் முதல் கேள்வி, அதைக் கடைசியாகத் தொட்டது யார்?

ஜேக்கப்.

அன்று, மார்ச் பதினைந்து, புதுச்சேரியில் படகு ஏகத்துக்கும் ஆடியது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரோபில் பேட்டரியைப் போட்டு மூடியைத் திருகி மூடியவர், என்னோடு ஜோடியாகக் கடலில் இறங்கும் ஜேக்கப். இறங்கிய எட்டாவது நிமிஷம் மூடியோரத்தில் குமிழி கிளம்பியது. பிறகு வெளிச்சமே வரவில்லை. தண்ணீர் புகாமல் காப்பது மூடிக்கு அடியில் உட்காரும் ரப்பர் வளையம். அதை வெள்ளிக்கிழமையே வீட்டில் நானே புதிதாகப் போட்டிருந்தேன். ஃப்ரிட்ஜில் நீல டப்பாவில், கிரீஸ் தடவிப் பத்திரமாக வைத்திருந்த வளையம். அதில் தப்பு இருக்க வழியே இல்லை.

மேலே வந்ததும் திறந்து பார்க்கப் போனேன். தடுத்தவரும் அவர்தான். "வேணாம் மேடம். பேட்டரி நனைஞ்சா உள்ள கேஸ் சேரும். திறந்தா மூஞ்சில அடிச்சிடும்." அப்போது நன்றி வேறு சொன்னேன். இப்போது உப்புப் பூத்து மூடி இறுகிவிட்டது. திறந்தால் என்ன தெரிந்துவிடும் என்று பயந்தார்?

ஏப்ரல் 6, திங்கள்

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். மஹ்ஜபீன் என்று ஒரு பெண் எடுத்தாள். "ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு மேடம். நாளைக்கு இருக்குமான்னு சொல்ல முடியாது." புடவைக் கடையிலும் இதே பாட்டுத்தான். மூடிக்கு ஒரு வளையமா இரண்டா, பேட்டரிக்குத் தனி அறை உண்டா, ஒருமுறை அடித்தபின் மறுபடி அடிக்க எத்தனை வினாடி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பட்டுப் பட்டென்று பதில் வந்தது. இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் நாலு பேர் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் "என் மனைவிக்கும் மிகவும் பிடித்தது" என்கிறார். கடலடி ஃப்ளாஷில் மனைவிக்கு என்ன வேலை? — சரி, நானும் ஒரு மனைவிதான்.

நேற்று ஈஸ்டர். ஜேக்கப் வீட்டிலிருந்து கேக் வந்தது. எங்களுக்காக அவர் மனைவி பேட்ரிசியா முட்டை போடாமல் தனியாகச் செய்வாள். ஒவ்வொரு வருஷமும் ஜேக்கப்தான் கொண்டு வருவார். இந்த முறை யாரோ ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். என் முகத்தைப் பார்க்க என்ன தயக்கம்?

ஏப்ரல் 9, வியாழன்

ஆபீஸ் நேரத்தில் ஜேக்கப் போன்.

"மேடம், புதுசு எதுக்கு? என் ஃப்ரெண்டு ஒருத்தர்கிட்ட ஸ்ட்ரோப் இருக்கு. நல்லா வச்சிருக்கார். உங்களுக்குன்னா சும்மாவே குடுத்துடுவார் போல."

சும்மாவே! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காது விடைத்துக்கொண்டது. எந்த ஃப்ரெண்டு என்றேன். "உங்களுக்குத் தெரியாது மேடம்." ஊர்? "இந்தப் பக்கம்தான்." ஏன் கொடுக்கிறார்? "இப்பல்லாம் அவரு தண்ணில இறங்கறதில்ல."

போட்டோ அனுப்பச் சொன்னேன்.

இந்த மனிதரோடு ஒன்பது வருஷமாக ஜோடியாக இறங்குகிறேன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், ஃபேக்டரியில் வெல்டிங் சோதிக்கும் வேலை. ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண். கடலில் தனியாக இறங்கக்கூடாது. என் காற்று தீர்ந்தால் அவர் சிலிண்டரில் நான் மூச்சு விட வேண்டும். அவர் இல்லாவிட்டால் எனக்குக் கடலே இல்லை. வேறு யாரோடும் இறங்க எனக்குத் தைரியமும் இல்லை. அப்படிப்பட்டவரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஸ்ட்ரோபுக்கு அடியில் மேஜை விரிப்பு. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் எலுமிச்சம்பழப் படம். ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோண வடு. கிறிஸ்துமஸுக்கு அந்த வடுவின் மேல் தட்டு வைத்துத்தான் நான் சாப்பிட்டேன். அது ஜேக்கப் வீட்டு மேஜை.

பழைய படகுப் படங்களைத் தேடி எடுத்தேன். ஜேக்கப் கையில் ஜேக்கப்பின் ஸ்ட்ரோப். இடது பக்கத்தில் கீறல். இன்று வந்த போட்டோவிலும் அதே இடத்தில் அதே கீறல்.

ஃப்ரெண்டும் இல்லை, ஒருத்தரும் இல்லை. தன்னுடையதைத்தான் என்னிடம் தள்ளிவிடப் பார்க்கிறார். என்னுடையதைக் கெடுத்துவிட்டு!

வரதுவிடம் சொன்னேன். "உன் ஆபீஸ் மூளையை ஆபீஸ்லயே வச்சுட்டு வரப்படாதோ?" என்றார். ஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் 13, திங்கள்

அனுப்பிவிட்டேன். "ஜேக்கப் சார், அந்த ஸ்ட்ரோப் உங்களுடையது. நண்பர் என்று யாரும் இல்லை. என்னுடையதைக் கெடுத்துவிட்டு உங்களுடையதை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். இனி உங்களை நம்பி நான் தண்ணீரில் இறங்க முடியாது."

நாலு நிமிஷத்தில் பதில். "சரி மேடம்."

மறுக்கவில்லை. எங்கள் ஆபீஸில் மறுக்காதவர் ஒப்புக்கொண்டவர்.

அப்புறம் ஏன் அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பத் திறந்து படிக்கிறேன்?

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப்பிறப்பு. கோவிலுக்குப் போய்விட்டு வந்தோம். விடியற்காலை முதல் வாழ்த்து ஜேக்கப்பிடமிருந்துதான் வரும். இன்று வரவில்லை. வராது என்று தெரிந்தும் மூன்று முறை போனைப் பார்த்தேன்.

ஏப்ரல் 18, சனி

சாட்சி இல்லாமல் ஃபைலை மூடக்கூடாது. பழைய ஸ்ட்ரோபை எடுத்துக்கொண்டு அரியமங்கலம் போனேன். அழகிரியின் லேத் பட்டறை. எங்கள் ஆபீஸுக்கு வரும் உடைந்த மோட்டார்களை அவர்தான் பிரித்துக் காட்டுவார்.

தூரத்தில் நின்றுகொண்டு ஊசி முனை அளவுக்குத் துளை போட்டார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. கேஸ் இருந்தது உண்மைதான். அதை மட்டும் ஜேக்கப் பொய் சொல்லவில்லை.

பிறகு மூடியைச் சுற்றி அறுத்து எடுத்தார். உள்ளே பச்சையும் பழுப்புமாகக் குழம்பு. துடைத்தார். வளையத்தின் மேல் குறுக்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குறடால் மெதுவாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னம்மா இது, வைக்கோலா? இத்துணூண்டு கெடந்தாப் போதும்மா, இதுவழியாவே தண்ணி உள்ள போயிரும்."

அரை விரல் நீளம்கூட இல்லை. காய்ந்த புல். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தேதி எழுதினேன்.

பஸ்ஸில் வரும்போதே புரிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் குடில்! ஜேக்கப் வீட்டுப் பரணில், குடிலுக்கு வாங்கிய வைக்கோலுக்குப் பக்கத்தில்தான் அவருடைய கடல் பை இருக்கும். நானே பார்த்திருக்கிறேன். அவர் பையிலிருந்து அவர் கைக்கு, அவர் கையிலிருந்து என் மூடிக்கு. நிரூபணம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காபி குடித்துக்கொண்டிருந்த வரதுவின் முன்னால் உறையை வைத்தேன். "பார்த்துக்கோங்கோ. ஜேக்கப் ஆத்து வைக்கோல்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உறையிலிருந்து எடுத்து ஓரத்தை விரலால் நீவினார்.

"வைக்கோல் இல்லேடி. தர்ப்பை."

"என்ன?"

"தொட்டுப் பாரு, சொரசொரன்னு இருக்கு. இந்த நுனி கத்திரியால நறுக்கினது. நான்தான் நறுக்கினேன்."

"எப்போ?"

"மாசிக் கிரகணத்தன்னிக்கு. அரை நாள் லீவு போட்டுட்டு ஓடி வந்தியே. நறுக்கி உன் கையிலதான் குடுத்தேன். டப்பா டப்பாவா போட்டது நீ."

அவர் மேல்தான் எரிச்சல் வந்தது. நறுக்கியவர்தானே கடைசியாக — இல்லை. கடைசியாகத் தொட்டது அவர் இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

கிரகணம் பிடிப்பதற்கு முன் ஃப்ரிட்ஜில் இருக்கிற மாவு, தயிர், ஊறுகாய் எல்லாவற்றிலும் ஒரு துண்டு தர்ப்பை போடுவோம். விட்டதும் எடுத்துவிடுவோம். எத்தனையோ வருஷமாகச் செய்கிற கை, தானாகவே செய்யும். அன்று தோளில் போனை இடுக்கிக்கொண்டு யாரோ ஒரு ஏஜெண்டிடம் கத்திக்கொண்டே செய்தேன். வரிசையாக மூடியைத் திற, போடு, மூடு. ஸ்ரீரங்கத்து வெயிலில் ரப்பர் இளகிவிடும் என்று வளைய டப்பாவை வைத்திருந்ததும் அதே தட்டில்தான், மாவடு ஜாடிக்குப் பக்கத்தில்.

நீல டப்பாவைத் திறந்தேன். அடியில், கிரீஸில் ஒட்டிக்கொண்டு இன்னொரு பாதி. ஒரு நுனி கத்திரி வெட்டு, மறு நுனி பிய்ந்தது. உறையில் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பிய்ந்த இடமும் பிய்ந்த இடமும் பொருந்தின. கிரகணம் விட்டதும் இந்த டப்பாவில் மட்டும் எடுக்க மறந்திருக்கிறேன்; அந்த வெள்ளிக்கிழமை வளையத்தை இழுத்தபோது துண்டு பிய்ந்து, பாதி கிரீஸிலேயே நின்றுவிட்டது. மீதி வளையத்தோடு கடலுக்குப் போனது.

யாராவது இந்த ஃபைலை என் மேஜைக்குக் கொண்டு வந்திருந்தால், மனுதாரரின் கவனக்குறைவு, நிராகரிக்கப்படுகிறது என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

அந்த மனுஷர் "சரி மேடம்"னு மட்டும் எழுதினாரே. ஏன் சண்டை போடலை? என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கப்படாதா?

ஏப்ரல் 22, புதன்

ஐந்து முறை மெசேஜ் எழுதி ஐந்து முறையும் அழித்தேன். மன்னிப்பை எழுத்தில் அனுப்புவதும் ஒருவிதத் தப்பித்தல்தான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கைலாசபுரம் போனேன். பேட்ரிசியா கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். எப்போதும் வரும் "வாங்கக்கா" இல்லை. தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜேக்கப் வந்து எதிரில் உட்கார்ந்தார். அதே எலுமிச்சை விரிப்பு, அதே வடு. அதன்மேல் இரண்டு துண்டுகளையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிரகணம், ஃப்ரிட்ஜ், என் கை. நான் மகா மட்டமாக நடந்துகொண்டேன் என்றும் சொன்னேன்.

இரண்டு துண்டுகளையும் எடுத்து, பிய்ந்த இடத்தைப் பொருத்திப் பார்த்தார்.

"ஆறு வாரமா நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன் மேடம்."

"நீங்க ஏன்?"

"மூடறதுக்கு முன்னாடி வளையத்தை ஒரு தடவை விரலால தடவிப் பாக்கணும். எப்பவும் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல. நீங்க வாந்தி எடுத்துட்டு இருந்தீங்க. கடல்ல விழுந்துடப் போறீங்கன்னு உங்களையே பாத்துட்டு இருந்தேன். பாக்காமலே திருகிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னோடத குடுக்கறேன்னா நீங்க வாங்க மாட்டீங்க. அதான் ஃப்ரெண்டோடதுன்னு பொய் சொன்னேன். அது தப்புதான்."

"அது இருக்கா?"

"வித்துட்டேன். வீட்ல கண்ணுல பட்டுட்டே இருந்துச்சு."

இனிமேல் என்னோடு இறங்குவீர்களா என்று கேட்டேன். "பாக்கலாம் மேடம்" என்றார். வாசல்வரை வந்தார். பேட்ரிசியா வரவில்லை. அவள் வராதது நியாயம்தான்.

ஏப்ரல் 30, வியாழன்

மஹ்ஜபீனிடமே வாங்கினேன். மூடிக்கு இரண்டு வளையம், பேட்டரிக்குத் தனி அறை. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. "அந்த ஒரே பீஸ் இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். "உங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன் மேடம்" என்றாள். நம்பினேன்.

மே 3, ஞாயிறு

காவிரியில் மணல்தான் ஓடுகிறது. அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஸ்ட்ரோபை அரைமணி மூழ்க வைத்தேன். சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. உதிரி வளையங்களை என் பீரோவுக்கு மாற்றிவிட்டேன். வரது கேட்டார், "பீரோவுக்குக் கிரகணம் பிடிக்காதோ?" இந்த முறை சிரித்துவிட்டேன்.

மே 9, சனி

ஜேக்கப்பிடமிருந்து ஒரு வரி. "17ஆம் தேதி படகு இருக்கு. வரீங்களா?"

மே 17, ஞாயிறு, புதுச்சேரி

மாத்திரை போட்டுக்கொண்டு போனதால் குமட்டல் இல்லை. ஜேக்கப் கேமரா கொண்டு வரவில்லை. "சும்மா பாத்துட்டு வரேன்" என்றார்.

படகு நின்றதும் ஸ்ட்ரோபில் பேட்டரியைப் போட்டேன். மூடியைத் திருகாமல் அப்படியே அவரிடம் நீட்டினேன்.

"நல்லாத்தானே இருக்கீங்க. நீங்களே மூடுங்க மேடம்."

"இல்லை. நீங்க மூடுங்கோ."

வாங்கிக்கொண்டார். மேல் வளையத்தைக் கழற்றி, விரல்களுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தார். அடுத்ததையும் கழற்றினார். டார்ச் அடித்து மூடியின் பள்ளத்தைப் பார்த்தார். துடைத்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மற்றவர்கள் எல்லாரும் குதித்தாகிவிட்டது. படகுக்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். முன்பானால் நானே "போதும் சார்" என்று பிடுங்கியிருப்பேன். இன்று ஒன்றும் சொல்லவில்லை. என் வளையத்தை நம்பவில்லையா, தன் கையையே நம்பவில்லையா என்று கேட்கவும் இல்லை. ஒருவழியாக மூடிக் கொடுத்தார்.

பதினான்கு மீட்டரில் ஒரு பாறையோரம் செம்மீன் ஒன்று அசையாமல் நின்றது. அடித்தேன். திரையில் அத்தனை சிவப்பு. காட்டலாம் என்று ஜேக்கப் பக்கம் திரும்பினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை, என் ஸ்ட்ரோபின் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று என் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டாவது நிமிஷம். நிமிர்ந்தபோது அவரும் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.