ஓலை கட்டிய பாதை

மார்ச் 4, செவ்வாய்

மீன் பெருகட்டும் என்று, பாறை வழியே கடலுக்கு இறங்கும் எங்கள் ஊர்ப் பாதையை மூடியிருக்கிறோம். யாரும் இறங்கக் கூடாது என்று குறுக்கே தென்னோலை கட்டியதே என் கணவர் தோங்கியாதான். அதனால் இன்று தன் ஒற்றையாள் தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்ப் பாதைக்குப் போனார். "மத்தியானம் மீனோட வந்துடுவேன், சேப்பங்கிழங்கு வேக வை."

பொழுது சாய்ந்துவிட்டது. வரவில்லை. அலை ஏறிக்கொண்டே போகிறது.

மார்ச் 5

நாளெல்லாம் பாறை உச்சியில் நின்றேன். சுற்றிலும் செங்குத்துப் பாறை. மணல் இல்லை, துறைமுகம் இல்லை. இந்த நியூயே தீவில் கரையேற இடம் ஏது? படகைக் கடலில் இறக்கும் கிரேனையும் அலைக்குப் பயந்து மேட்டுக்கு நகர்த்திவிட்டார்கள்.

"அலை அடங்கட்டும் அண்ணி. இப்ப எறக்குனா தேடப் போற படகும் போயிடும்" என்றான் இகிபா. போலீஸ்காரன், அவருடைய தம்பி.

"அப்ப அவரு மட்டும் போகட்டுமாடா?" கத்திவிட்டேன். பாவம், அவனும் அழுதான்.

மார்ச் 6

கிழங்கு புளித்துவிட்டது. கொட்ட மனசு வரல.

மார்ச் 7, வெள்ளி

போதகர் வந்தார். ஞாயிறு ஆராதனையில் அவர் நினைவாக எந்தப் பாட்டு என்று கேட்டார். யாருக்குப் பாட்டு? எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இகிபாவைப் பிடித்துக் கேட்டேன். "எல்லாப் பாதையும் எறங்கிப் பாத்தியா?"

"ஒண்ணு விடல அண்ணி."

"நம்ம ஊருது?"

"அதுல... ஓலை தொங்குதே."

அடப்பாவி! நானும்தான் மூன்று நாளாக அந்த ஓலையின் பக்கமாகவே நடந்தேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். அலையில் கண்ணை மூடிக்கொண்டுகூட அவர் தோணியோடு நுழையக்கூடிய ஒரே இடைவெளி அந்தப் பாதைக்குக் கீழேதானே!

ஓலையைப் பிய்த்தெறிந்து இறங்கினேன். கீழே, பாறைக் குகையில் கிடந்தார். கால் ஒடிந்து, கத்திக் கத்தித் தொண்டை அடைத்து, மேலிருந்து சொட்டும் நல்ல தண்ணீரை நக்கிக்கொண்டு.

"ஓலைய ஏன்டி பிச்ச? ஊருக்கு ஒரு பன்னி தண்டம் கட்டணும்."

அடிக்கப் போனேன். கட்டிக்கொண்டு அழுதேன்.

மார்ச் 14, வெள்ளி

ஒடிந்த காலை ஆக்லாந்து ஆஸ்பத்திரியில்தான் சரிசெய்ய முடியுமாம். இன்று விமானம். இந்தத் தெருவில் எத்தனையோ பேர் 'ரெண்டே மாசம்' என்று இதே விமானத்தில் ஏறியவர்கள்.

பன்றியைக் கொடுத்தாயிற்று. அவர் சொன்னபடி பாதையில் புது ஓலையும் கட்டினேன்.

வீட்டைப் பூட்டவில்லை. இங்கே பூட்டிவிட்டுப் போனவர் யாரும் திரும்பியதில்லை.