ஊசி போடாத நான்கு ஆடுகள்

மார்ச் 3

இன்று வைரஸைக் கொடுத்தாயிற்று. ஆறு ஆடுகளுக்கு என் தடுப்பூசியை முன்பே போட்டிருந்தோம். நான்கு ஆடுகளுக்கு ஒன்றும் போடவில்லை. இப்போது பத்துக்கும் ஒரே அளவில் ஆட்டம்மை வைரஸ். ஊசி போட்டவை தாங்க வேண்டும், போடாதவை காய்ச்சலில் படுக்க வேண்டும். பாவம்தான். ஆனால் அந்த நான்கும் படுத்தால்தான் என் ஊசி வேலை செய்தது என்று சொல்ல முடியும்.

"இந்த வேலைல மனசைக் கல்லாக்கிக்கணும் மேடம்" என்றார் ஆட்டு டாக்டர். சொல்லிவிட்டு அந்த நான்கில் ஒன்றின் காதைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மாலை அக்கா போன் செய்தாள். அவளுக்கு ஆடுதான் பிழைப்பு. போன வருடம் அம்மை வந்து பாதி மந்தையைப் புதைத்தவள். "உன் ஊசி எப்போடி வரும்?" ஆறு வருடமாக இதே கேள்வி, என்னிடமும் அதே பதில். வந்துடும்க்கா.

மார்ச் 8

எல்லாம் நன்றாகத் தின்கின்றன. இன்னும் நேரம் இருக்கிறது.

மார்ச் 12

நான்குக்கும் காய்ச்சல் இல்லை. தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஒன்று ஆட்டு டாக்டரின் கோட்டுப் பையைக் கடித்து இழுத்தது, அவர் சிரித்தார்.

வைரஸ் செத்துப்போய்விட்டதா? மாமியாரிடம் ஓடினேன். செல் வளர்க்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் தோழிக்கு நாங்கள் வைத்த பெயர் அது; நாம் கை கழுவியதில்கூடக் குறை கண்டுபிடிப்பாள். அதே வைரஸை விட்டிருந்த பாட்டிலை வெளிச்சத்தில் காட்டினாள். உள்ளே இருந்த செல்களை வைரஸ் துடைத்துத் தின்றிருந்தது.

"உயிரோடதான் இருக்கு. நல்லாக் கொழுத்துப்போய் இருக்கு" என்றாள்.

அப்படியென்றால் ஆட்டை ஏன் ஒன்றும் செய்யவில்லை?

மார்ச் 13

பஸ்ஸில் வரும்போது புரிந்துவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நோயுற்ற ஆட்டிலிருந்து எடுத்த முதல் வைரஸை உறைபெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம். அது தீர்ந்துவிடக் கூடாதே என்று, அதிலிருந்து வளர்த்ததையே திரும்பத் திரும்ப வளர்த்தோம். எந்தப் பாட்டிலில் வேகமாகப் பெருகுகிறதோ அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த பாட்டிலுக்கு. வேகமாக வளர்வதுதான் நல்ல வைரஸ் என்று பெருமை வேறு. ஆட்டின் உடம்பில் அது எத்தனை தடைகளை ஏமாற்ற வேண்டும்! பாட்டிலில் ஒரு எதிரி உண்டா? உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. பாட்டிலில் பிழைக்கக் கற்றவைதான் பெருகின. ஆட்டை வீழ்த்தும் வித்தை தேவைப்படாமலே போய்விட்டது. அப்படிப்பட்டவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது நாங்கள்தான்.

"செல்லம் குடுத்தே கெடுத்துட்டோம்" என்றாள் மாமியார்.

ஆக, யாரையும் அடிக்கத் தெரியாத ஒன்றிடமிருந்து என் ஊசி ஆறு ஆடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. இது ஒரு சோதனையா?

அக்காவிடம் பேசும்போது அழுதுவிட்டேன். "ஆடெல்லாம் நல்லா இருக்குன்னா நீ ஏன்டி அழற?" என்றாள்.

மார்ச் 15

ஆய்வக இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஊசி போட்ட ஆடு ஒண்ணுகூடப் படுக்கல. அடுத்த வாரம் ஊசியை அறிவிக்கற கூட்டத்துல அதை மட்டும் சொன்னா என்ன?"

சொல்லலாம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை நம்பி அக்கா ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போவாள்.

"போடாத ஆடும் படுக்கல சார். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்."

பேனாவை மூடி வைத்தார். அறிவிப்பு தள்ளிப்போயிற்று.

ஏப்ரல் 2

புதிதாக ஆறு ஆடுகள், என் ஊசி. புதிதாக இரண்டுக்கு ஒன்றும் இல்லை. இந்த முறை உறைபெட்டியில் இருக்கும் அசல் வைரஸையே கொடுப்பது என்று முடிவு.

பழைய நான்கும் கொட்டகையில் சும்மா தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் அசலைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? பாட்டிலில் வளர்ந்த எங்கள் செல்லப்பிள்ளை அவற்றின் உடம்பில் எதிர்ப்பு ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா என்று தெரியும்.

ஏப்ரல் 28

அசல் வைரஸ், எல்லாவற்றுக்கும்.

மே 7

ஊசி போடாத இரண்டும் படுத்துவிட்டன. என் ஊசி போட்ட ஆறில் நான்குக்குக் காய்ச்சல், உதட்டிலும் மடியிலும் கொப்புளம்.

பழைய நான்கும் தின்றுகொண்டிருக்கின்றன.

பொறாமையாக இருக்கிறது. ஒரு வைரஸ் மீது பொறாமை! ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது தோற்றது. யோசிக்காமல் செய்தது ஜெயித்தது. மாமியார் டீ கொண்டுவந்து வைத்தாள். மேசை கிடந்த கிடைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. அதில்தான் அழுகை வந்தது.

மே 8

நானே போய் இயக்குநரிடம் சொன்னேன். "என்னோடதை நிறுத்திடலாம் சார். பாட்டில்ல வளர்ந்த அந்தச் சாதுவையே ஊசியாக்க முடியுமான்னு பார்ப்போம்."

நவம்பர் 19

அது மறுபடி ஆட்டுக்குள் போய்ப் பழைய புத்தியைப் பிடித்துக்கொண்டால்? அந்தப் பயத்தில்தான் இத்தனை மாதம். ஒரு ஆட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் பார்த்தோம். சினை ஆடுகளுக்குக் கொடுத்தோம். இதுவரை சாதுவாகவே இருக்கிறது. களச் சோதனைக்கு அனுமதி கேட்டு அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 10

களச் சோதனையில் அக்காவின் மந்தையும் ஒன்று. ஆட்டு டாக்டர் ஊசி போட்டார், அக்காவும் நானும் ஆடுகளைப் பிடித்துக் கொடுத்தோம்.

"இதுதான் நீ ஆறு வருஷமாச் செஞ்ச ஊசியா?"

"இல்லக்கா. அது தேறல."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்த ஆட்டின் காலைப் பிடித்தாள். "சரி, நல்லாப் பிடி, துள்ளுது."

ஜூன் 11

அக்காவின் ஊரைச் சுற்றி இரண்டு ஊர்களில் அம்மை என்று ஆட்டு டாக்டர் சொன்னார். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 5

அக்காவே கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் ஒரே புகார். ஆடுகள் பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து மேய்ந்துவிட்டனவாம், தோட்டக்காரன் கத்திவிட்டுப் போனானாம்.

"அத்தனையையும் நான் ஒருத்தி எப்படிடி மறிக்கறது?"

"அத்தனையும் நல்லா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"அத்தனையும்தான்" என்றாள், கோபம் தணியாமல்.