மலர் என்று தேடினால் கிடைக்காது

டேய், உன் கணினி இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. இன்றுதான் மூடியைக் கழற்றினேன். விசிறி முழுக்கத் தேயிலைத் தூள். ஃபேக்டரி ஆபீஸில் இத்தனை வருஷம் ஓட்டினாயே, ஒரு நாளாவது ஊதிவிட்டாயா? வாசம் மூக்கில் ஏறியதும் திட்ட வாயெடுத்தேன். திட்டு வாங்க நீ இல்லை.

நீ கண்ணை மூடி ஒரு மாதத்தில், போன கிழமை, உன் தங்கச்சி மலர் இதைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் என் கணினி ரிப்பேர் கடைக்கு வந்தாள். நர்சிங் பயிற்சிக்கு நீ இன்டர்நெட்டில் இறக்கி வைத்த விண்ணப்பப் படிவம் இதற்குள் இருக்கிறதாம். அன்றே பதிவுத் தபாலில் போனால்தான் உண்டு. அடைமழையில் டெலிபோன் லைன் செத்துக் கிடந்தது. திரும்ப இறக்க வழியில்லை. தபால் கந்தோர் மூட ஒன்றரை மணி நேரம்.

"அஞ்சு நிமிஷம். பேசாம ஒக்காரு" என்றேன்.

மலர் என்று ஆங்கில எழுத்தில் தேடினேன். இல்லை. நர்சிங், இல்லை. தேதி வாரியாக அடுக்கினேன். கடிகார பேட்டரி செத்த உன் பெட்டியில் எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி. பி.டி.எஃப் எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். நானூறுக்கு மேல், பெயரெல்லாம் கிறுக்கல். ஒன்றைத் திறக்க ஒரு நிமிஷம். கிரிக்கெட் அட்டவணை. ரயில் நேரம். கிரிக்கெட் அட்டவணை.

"அண்ணே..."

"சும்மா இரு புள்ள!"

இந்தப் பெயர்களுக்காக நாம் போட்ட சண்டை உனக்குத் தெரியும். தொழிற்சங்கத்து நோட்டீஸ் அடித்தே உன் விரல் பாமினி எழுத்துருவில் ஊறிப்போயிருந்தது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் அதே விசைகள்தான். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். பாமினி படிக்க எனக்குப் பொறுமை ஏது? "மனுசன் வாசிக்கிற மாதிரி பேர் வையேன்டா" என்று கத்தினேன். "எங்க வீட்டு ஆளுங்க வாசிப்பாங்க. ஒனக்கு என்னா?" என்று சிரித்தாய். நக்கல் என்று நினைத்தேன்.

இருபது நிமிஷம்தான் மிச்சம். மலர் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தாள்.

"இந்தா இருக்கேன்ணே."

kyu; என்று இருந்தது.

"கேன்னா ம. வைன்னா ல. யூவும் அரைப்புள்ளியும் ர். அண்ணன்தான் அடிக்கப் பழக்குச்சு."

திறந்தேன். படிவம்! பிரிண்டர் கக்கக் கக்க நான் கத்தினேன், அவளும் கத்தினாள், பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"நீங்கதான பேசாம ஒக்காரச் சொன்னீங்க."

நின்றபடியே நிரப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழையில் ஓடினாள். பதிவுத் துண்டோடு திரும்பியபோது தலையெல்லாம் ஈரம், முகமெல்லாம் பல்.

நேற்று ஒருவர், இறக்கிய பாட்டைக் காணோம் என்று போனை நீட்டினார். நான் எதையும் தட்டவில்லை. "நீங்க சொல்லுங்க, என்னா பேரு வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்டா. முழுசாக ஒரு நிமிஷம். நம்ப மாட்டாய்.