உப்பில்லாச் சோறு

5.3.84 திங்கள்
காலையிலேயே வெயில். கொடியில் துணியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

அவர் நெஞ்சுவலி வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்து, அரியலூர் திரும்பி ஒரு மாதம். உப்பு கூடாது, பீடி கூடாது, தினம் நடக்க வேண்டும். நடை வாசற்படியோடு சரி. "நடுரோட்ல விழுந்துட்டா?" நாக்கடியில் வைக்கும் மாத்திரை தூங்கும்போதும் கைக்குள். கால் வீக்கம். அமுக்கினால் குழி. அதைப் பார்த்துப் பார்த்து, இருதயம் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டார். மகள் மீனாவுக்கு இரண்டு வயது. அவளைத் தூக்குவதே இல்லை.

6.3 செவ்வாய்
செந்துறையிலிருந்து அவர் சித்தப்பா, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. "எங்கூர்ல ஒருத்தன், இதே வலிதான். சாப்ட்டுட்டு கை கழுவப் போனான், அங்கயே போயிட்டான். நீ ஒண்ணும் பயப்படாதடா."

சித்தப்பா போனபின், அவர் கை கழுவ எழவில்லை. தட்டிலேயே தண்ணீர் ஊற்றினேன். கோபம் வரவேண்டும். வரவில்லை.

காலேஜில் படித்தபோது பார்த்தது: தவளையின் இதயத்தை அறுத்து வெளியே எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் துடிக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

8.3 வியாழன்
டாக்டரிடம் காட்டினோம். "உப்பு போடுறீங்களாம்மா?" "துளிகூட இல்லீங்க சார்." டாக்டர் நம்பவில்லை.

மத்தியானம் அவர் தட்டில் மிச்சம். வீணாக்காமல் சாப்பிட்டேன். உப்பு.

சமையல் அவர் அம்மாதான். அத்தையைக் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "உப்பில்லாம பொங்கி செத்தவங்களுக்குத்தாம்மா படைப்போம். உசுரோட இருக்குற புள்ளைக்கு எப்புடிப் போடுறது? ஒரு சிட்டிகைதான் போட்டேன்."

"தினமுமா?"

"வேளைக்கு ஒரு சிட்டிகை."

உள்ளேயிருந்து அவர்: "அப்ப கால் வீங்குனது உப்பாலயா?"

"அதாத்தான் இருக்கும்ங்க."

வெகுநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

9.3 வெள்ளி
எல்லாருக்கும் ஒரே பானை. உப்பு இல்லை. அத்தை அவர் எதிரில் உட்கார்ந்து முதல் வாய் போட்டுக்கொண்டார். "நான் தின்னுட்டேன். இனி இது படையல் இல்ல. தின்னு."

"மண்ணு மாதிரி இருக்கும்மா."

"எனக்கு மட்டும் தேனாவா இருக்கு?"

அவர் சிரித்தார். நான் தட்டு கழுவினேன்.

13.3 செவ்வாய்
வீக்கம் வடிந்துவிட்டது. அமுக்கிப் பார்த்தோம், குழி இல்லை.

சாயங்காலம் தானே சட்டை மாட்டினார். "ரயில்வே கேட் வரைக்கும் போயிட்டு வரேன்." மீனா அழுதாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்ஸ் வண்டி போன சத்தம். கேட் திறந்திருப்பார்கள்.

மாத்திரை ஜன்னல் கட்டையில் இருக்கிறது. மறந்துவிட்டார். ஒரு மாதத்தில் இதுதான் முதல் தடவை. எடுத்துக்கொண்டு நானும் கிளம்புகிறேன்.