மச்சினர் லாரியைத் திருப்பியவருக்கு

பாய்,

இன்று காலை நம் மாங்கூழ் ஆலை வாசலில் ஒரு லோடின் தார்ப்பாயைத் தூக்கினேன். குப்பென்று பூண்டு வாடை. கார்பைட் கல் போட்டுப் பழுக்க வைத்த பழம் என்று மூக்கே சொல்லிவிட்டது. அனுப்பியவன் என் கூடப்பிறந்த தம்பி. நீங்கள் கண்மூடி இரண்டு மாம்பழப் பருவம் போய்விட்டது. ஆனாலும் கூட்டாளியைத் தேடிக் கண் உங்கள் நாற்காலிப் பக்கம்தான் போனது.

நம்மிடம் வாங்கும் ஜூஸ் கம்பெனி முதன்முதலாக நிபந்தனை போட்டது ஞாபகம் இருக்கிறதா? கல் கூடாது, எந்தத் தோப்புப் பழம் என்று சொல்ல வேண்டும், தோப்புக்காரருக்கு நியாயமான விலை போக வேண்டும். மீறினால் ஆர்டரே இல்லை. சோதிக்க வந்த அம்மாளின் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, உங்க கம்பெனிக்குத் திடீர்னு இவ்ளோ இரக்கம் எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று வம்புக்கு இழுத்தீர்கள்.

அவர் சிரித்துவிட்டார். "பாதி பயம்தாங்க. பேர் கெட்டுப்போனா கடையில அடுக்க மாட்டாங்க, வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். வெல கட்டலன்னு விவசாயி மரத்தை வெட்டிட்டா, அப்புறம் எங்க மெஷின்ல எதைப் போடறதுங்க?"

"பயந்து செஞ்சாலும் நல்லது நல்லதுதானே" என்றீர்கள்.

மறுவாரமே இண்டூர்ப் பக்கமிருந்து உங்கள் மச்சினரின் லாரி வந்தது, இதே வாடையோடு. அவர் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிய நேரம். "மச்சான், வூட்டு ஆளுக்கே இப்படியா?" என்றார். "வூட்டு ஆளு லோடைத்தான் மொதல்ல திருப்பணும். இல்லன்னா ஊரான் லோடை எந்த மூஞ்சியோட திருப்பறது?" என்றீர்கள்.

கல்யாணத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் பிரியாணியில் கறித்துண்டு ஒன்றுகூட இல்லை. என் தட்டில் குவித்திருந்தார்கள். நீங்கள் அசரவே இல்லை. என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "மச்சினன் கோவத்துலயும் உப்பு சரியாத்தான் போட்டிருக்கான்" என்றீர்கள். எனக்குப் புரையேறிவிட்டது. அடுத்த பருவம் அவர் வைக்கோலில் பழுத்த பழத்தோடு வந்தார். பேச்சும் தானாக வந்தது.

தம்பியின் வண்டியைத் திருப்பிவிட்டேன் பாய். "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நாளைக்கு அவன் குழந்தைக்குக் காதுகுத்து. பெரியப்பா போகாமல் இருக்க முடியுமா? போவேன். அவன் முறைப்பதைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பு மூட்ட நீங்கள் இல்லையே, அதுதான் தாங்கவில்லை.