அலமாரி மேல் பொரித்த குஞ்சு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன், இங்கே நாங்கள் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுவிடும், அதனால்தான் கடிதம்.

சூடு தணியட்டும் என்று அப்பா கூரைக்கு இரண்டாம் தடவையாக வெள்ளை அடித்தார், வீட்டுக்குள் ஒரு மாற்றமும் இல்லை, "கண்ணு கூசுறதுதான் மிச்சம்" என்று அவரே சொல்லிவிட்டு ஏணியை மடக்கி வைத்தார். தண்ணீர் லாரி இப்போது வாரம் ஒரு முறைதான். அதைச் சொல்ல வரவில்லை. எங்கள் குஞ்சு பொரிப்பகத்தில் ஒன்று நடந்தது, தப்பு என்னுடையது. மெஷினில் வைக்க முடியாத சின்ன முட்டைகள் முப்பதை, சமையலுக்கு ஆகுமே என்று ஓர் அட்டையில் அடுக்கி சாமான் அறை அலமாரி மேல் வைத்தேன், வைத்ததையே மறந்துபோனேன். தகரக் கூரை போட்ட அறை. மூன்று வாரம் கழித்துத் துடைப்பம் எடுக்கப் போனால் மேலே கீச்கீச்சென்று சத்தம். இருபத்தொன்பது அழுகிக் கிடக்க, ஒன்று மட்டும் ஓட்டை உடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. மெஷினில் முப்பத்தேழரை டிகிரி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் வேலை, கூடினாலும் ஓடுவேன், குறைந்தாலும் ஓடுவேன், அந்தச் சூடு இப்போது இரவு பகலாக அலமாரி மேல் சும்மா கிடக்கிறது. "என்னக்கா, மெஷினுக்கே போட்டியா?" என்று பெட்டி கட்டும் பெண்கள் சிரித்தார்கள், சூப்பர்வைசர், "நாளைலேர்ந்து மெஷினுக்கு லீவு விட்டுடலாம்மா" என்றார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால், இதை எழுதுகிற இவள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் சுருண்டு கிடக்கிறாள். சிரிப்பு போய்விட்டது.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, பாத்திரத்தைக் கழுவினதையே கழுவுகிறேன். வெயிலுக்குப் பள்ளிக்கூடத்தை மூடி மூடித் திறந்ததில் இவள் பாடம் விட்டுப்போய், "எல்லாரும் என்னையே பாப்பாங்கம்மா" என்று நின்றுவிட்டது உனக்குத் தெரியும். எனக்கு ஐம்பது, இவளுக்குப் பதினேழு. இவளுக்கு என் வயது வரும்போது இங்கே எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன், "அதுக்கு இன்னும் முப்பத்திமூணு வருஷம் இருக்கு, அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுவாங்க" என்றார். யார் பண்ணுவார்கள் என்றேன். அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார், அது நின்றுபோயிருந்தது.

அதனால் கேட்கிறேன், உங்கள் ஊரில் இன்னும் குளிர்ச்சி மிச்சமிருக்கிறது, உன் வீட்டில் ஒருவருக்கு இடம் பார். இவளை அழைத்துக்கொள். எழுதுகிறவள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள், எழுதுடி என்று அதட்டின பிறகுதான் எழுதுகிறாள். நானும் அப்பாவும் சமாளித்துக்கொள்வோம். இவள் அதிகம் பேசமாட்டாள், கோபம் என்று நினைக்காதே, ஒரு மூலை கொடுத்தால் போதும், வேலை எல்லாம் செய்வாள். மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்த பிறகு பக்குவமாகச் சொல், பசியில் இருக்கும்போது எடுக்காதே.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிழலும் தண்ணீருமாக வாழ வேண்டும். பதிலைக் கடிதமாகவே போடு, மறக்காதே.

அன்புடன்,
அம்மா

அக்கா, அம்மா சொன்னதை ஒன்றும் விடாமல் எழுதிவிட்டேன். குஞ்சு என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகத் தின்கிறது. ஒருவருக்கு இடம் என்று எழுதியிருப்பதை மட்டும் மூவருக்கு என்று படித்துக்கொள். அம்மாவிடம் சொல்லிவிடாதே.